கழித்தலில் தெரியும் விண்மீன்

தொலைவிலுள்ள ஒரு விண்மீனுக்கும் நமக்கும் இடையே மற்றொரு விண்மீன் ஏறத்தாழ நேர்கோட்டில் வரும்போது, அதன் ஈர்ப்பு ஒரு வில்லையைப்போலச் செயல்பட்டுப் பின்னுள்ள விண்மீனின் ஒளியைப் பெருக்கிக் காட்டும். சில நாள்களோ வாரங்களோ கூடிய ஒளி, பின்னர்ப் பழைய நிலைக்குத் திரும்பும். இதனை ஈர்ப்பு நுண்வில்லை விளைவு என்பர். வில்லையாக அமையும் பொருள் ஒளிவிட வேண்டியதில்லை. ஆகவே, இருண்ட பொருள்களின் நிறையை அறியவும் இவ்விளைவு உதவுகிறது.

1936-இல் இதனைக் கணக்கிட்டுக் காட்டிய ஐன்ஸ்டைன், நேரில் காணும் வாய்ப்பு மிக அரிது என்று கருதினார். பல இலட்சம் விண்மீன்களைத் தொடர்ந்து நோக்கினால் காணலாம் என்று போலந்து வானியலாளர் பச்சின்ஸ்கி 1986-இல் எடுத்துரைத்தார். 1993-இல் முதல் நிகழ்வுகள் பதிவாயின.

நெரிசல் தரும் பிழை

அரிய நிகழ்வைக் காண, விண்மீன்கள் செறிந்த பால்வழி மண்டலத்தின் மையப்பகுதியையே நோக்கவேண்டும். இடரும் அங்கேயே உள்ளது. வளிமண்டலம் விண்மீன்களின் பிம்பங்களை மங்கலாகப் பரப்புவதால், அண்டை விண்மீன்களின் ஒளி ஒன்றாகக் கலந்துவிடுகிறது. ஓர் அலகு ஒளியுடைய விண்மீன் நான்கு மடங்கு ஒளிர்வதாகக் கொள்வோம். அதே அளவு ஒளியுடைய அண்டை விண்மீன் அதனுடன் கலந்திருந்தால், மொத்த ஒளி 2 அலகிலிருந்து 5 அலகாக உயரும். பெருக்கமோ இரண்டரை மடங்கு என்றே தோன்றும். நிகழ்வின் கால அளவும் குறைவாகக் கணிக்கப்படும்; அதனால் வில்லைப்பொருளின் நிறையும் பிழைபடும்.

மாறாததை நீக்குதல்

1998-இல் அலார்ட், லப்டன் ஆகியோர் சிறந்ததொரு கழித்தல் முறையை வகுத்தனர். மிகத் தெளிவான படத்தை, ஒவ்வோர் இரவின் படத்திற்கும் ஏற்ற அளவில் மங்கலாக்கிக் கழிப்பர். மாறாத விண்மீன்கள் மறைய, மாறியது மட்டும் எஞ்சும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் அண்டை விண்மீன் இருப்பினும் இல்லையெனினும் எஞ்சுவது 3 அலகே. எனினும், விண்மீனின் தொடக்க ஒளியைக் கழித்தல் மட்டும் சொல்லாது; அதற்கு ஒளி ஏறி இறங்கும் வரைகோட்டின் வடிவமும், வளிமண்டலத்திற்கு அப்பாலுள்ள ஹபிள் தொலைநோக்கியின் கூர்மையான படங்களும் துணைபுரிகின்றன.

2011-இல் பதிவான ஒரு நிகழ்வு இதற்குச் சான்று. ஹபிள் படங்களில் மிகுந்த ஒளியுடைய அண்டை விண்மீன் ஒன்று குறுக்கிட்டது. 2022-இல் இரு குழுக்கள் கணித்த நிறைகள் முரண்பட்டன. ஒன்று கருந்துளை என்றது, மற்றொன்று நியூட்ரான் விண்மீனாகவும் இருக்கலாம் என்றது. பிழைகளைக் களைந்து மீண்டும் கணித்தபோது, அது சூரியனைப்போல் ஆறேழு மடங்கு நிறையுடைய தனித்த கருந்துளை என்பது தெளிவாயிற்று. அண்டை ஒளியை அளந்து நீக்கிய பின்னரே, ஒளியற்ற அப்பொருள் இன்னதென அறிய முடிந்தது.