கம்ப்யூட்டர் மக்கர் செய்தால்...?

தேனி மாவட்டத்தில், சுருளி அருவிக்குப் பக்கத்தில் இருக்கிறது சுருளிப்பட்டி. அங்கே எங்கு பார்த்தாலும் திராட்சைப் பந்தல்தான்! கம்பம் பன்னீர் திராட்சை 2023-ம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றதை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்தத் திராட்சை விளையும் மண் இது.

தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது மோட்டார் நின்று விட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். விவசாயி மோட்டாரை உதைப்பாரா? மாட்டார். முதலில் கரண்டு வருகிறதா என்று பார்ப்பார். பிறகு பீஸ் போயிருக்கிறதா என்று பார்ப்பார்.

அந்த விவசாயிக்கு ஒரு மகள் இருப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். அவள் கல்லூரியில் விஞ்ஞானம் படிக்கிறாள். திராட்சை இலையில் வரும் சாம்பல் நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். கொடி தளிர் விட்ட நாள் முதல் தினமும் அளவு எடுத்தாள். எல்லாவற்றையும் ஆய்வுக்கூடத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தாள்.

ஒரு நாள் திரை இருண்டது. இரண்டு மாத உழைப்பு ஒரு நொடியில் போய் விட்டது!

"அப்பா, எல்லாம் போச்சு!" என்று அழுகிறாள் மகள்.

கம்ப்யூட்டர் போனால் வேறு வாங்கலாம். போன மாதத்து இலையை எந்தக் கடையில் வாங்குவது? அடுத்த கவாத்து வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தச் சங்கடம் அவளுக்கு மட்டும் அல்ல. பெரிய பெரிய விஞ்ஞானிகளும் இதை அனுபவித்திருக்கிறார்கள்.

பூச்சி செய்த வேலை!

1947-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மார்க் 2' என்ற ராட்சதக் கம்ப்யூட்டர் தகராறு செய்தது. என்ன கோளாறு? ஒவ்வொரு பகுதியாகத் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒரு விட்டில் பூச்சி செத்துக் கிடந்தது!

பூச்சியைத் தூக்கி எறிந்து விட்டு அவர்கள் போய் விடவில்லை. அதைத் தினக்குறிப்பு நோட்டில் ஒட்டினார்கள். எந்த இடத்தில் கிடந்தது என்பதையும் எழுதினார்கள். அந்த நோட்டு அமெரிக்க அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

கம்ப்யூட்டர் தடுத்தது!

இனி நம் நாட்டுக் கதை. 1979-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி. ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் தயாராக நின்றது. உயரம் 22 மீட்டர், எடை 17 டன். பல ஆண்டு உழைப்பு அது. திட்டத்தின் தலைவர் ராமேசுவரத்து அப்துல் கலாம்.

கிளம்பச் சில நிமிடங்களே இருந்தன. அப்போது கம்ப்யூட்டர் "நிறுத்து" என்றது!

ஆராய்ந்தபோது, ராக்கெட்டைத் திருப்பும் பகுதியில் கசிவு இருப்பது தெரிந்தது. "இருக்கிறது போதும், போகலாம்" என்றார்கள் நிபுணர்கள். கலாம் கம்ப்யூட்டரை ஒதுக்கி விட்டு, ராக்கெட்டை ஏவச் சொன்னார்.

முதல் அடுக்கு நன்றாக வேலை செய்தது. இரண்டாவது அடுக்கில் ராக்கெட் நிலை தடுமாறியது. வங்கக் கடலில் விழுந்தது!

கம்ப்யூட்டர் பழுதாகவில்லை. அது சொன்னதுதான் சரி. இதைப் பின்னாளில் கலாமே பல மேடைகளில் ஒளிக்காமல் சொன்னார். பத்திரிகையாளர்கள் முன்னால் தோல்விக்குப் பொறுப்பு ஏற்றவர், நிறுவனத் தலைவர் சதீஷ் தவான்.

பிறகு குழுவினர் தவற்றைத் தேடிக் கண்டுபிடித்துச் சரி செய்தார்கள். 1980-ம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி அடுத்த எஸ்.எல்.வி.-3, ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்தியது. அன்று தவான், "நிருபர்களிடம் நீங்களே பேசுங்கள்" என்று கலாமை அனுப்பி வைத்தார்.

காப்பாற்றிய பழைய காகிதம்!

கையால் தொட்டுப் பார்க்கவே முடியாத இடத்தில் கம்ப்யூட்டர் கெட்டுப் போனால்?

அதுவும் நடந்தது! 1977-ல் அமெரிக்கா அனுப்பிய வாயேஜர்-1 விண்கலம், 2023 நவம்பரில் திடீரென்று உளறத் தொடங்கியது. அப்போது அது 2,400 கோடி கிலோ மீட்டருக்கு அப்பால் இருந்தது. ஒரு கேள்வி கேட்டால், பதில் வர 45 மணி நேரம் ஆகும்!

விஞ்ஞானிகள் பல ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்த பழைய குறிப்புகளைப் புரட்டினார்கள். கேள்வி அனுப்புவதும், காத்திருப்பதும், மறுபடி அனுப்புவதுமாக மாதங்கள் கழிந்தன. கடைசியில் ஒரு சிறிய சில்லு செத்துப் போயிருப்பது தெரிந்தது. அங்கே போய் வேறு சில்லு மாட்ட முடியாது. அதனால், அதில் இருந்த கட்டளைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, கம்ப்யூட்டரில் காலியாக இருந்த வேறு இடங்களில் வைத்தார்கள். 2024 ஏப்ரல் 20-ந் தேதி வாயேஜர் தன் நலத்தைத் தெளிவாகச் சொன்னது!

எழுதி வைத்தவர்களில் பலர் அந்த வேலையை விட்டுப் போய் வெகு காலம் ஆகி விட்டது. ஆனால் எழுத்து இருந்தது. அது காப்பாற்றியது.

விதை நெல் எங்கே?

சுருளிப்பட்டி மகளுக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாத அப்பா என்ன சொல்வார்?

"விதை நெல் முழுவதையும் ஒரே மூட்டையில் கட்டி, ஒழுகுகிற கூரைக்குக் கீழே வைக்கலாமா, அம்மா?" என்பார்.

அவ்வளவுதான் விஷயம்! எடுத்த அளவை அன்றைக்கே நோட்டில் எழுத வேண்டும். கம்ப்யூட்டரில் ஏற்றியதை, வேறு இரண்டு இடங்களில் நகல் எடுத்து வைக்க வேண்டும். மின்சாரம் போனாலும் சிறிது நேரம் தாங்கும் பாட்டரி வேண்டும். திரையில் எச்சரிக்கை வந்தால், படிக்காமல் தள்ளி விடக் கூடாது. கோளாறு வந்தால் எந்த நேரத்தில், எப்படி வந்தது என்று குறிக்க வேண்டும்.

கவாத்து முடிந்து கொடி மறுபடி தளிர் விடும். அப்போது மகள் பந்தலுக்குள் போவாள். இந்தத் தடவை அவள் கையில் ஒரு நோட்டும், நூலில் கட்டிய பென்சிலும் இருக்கும்!