பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடாதீர்கள்

மும்பை லாமிங்டன் ரோட்டில் 'செகண்ட் ஹாண்ட்' வாங்கிய கம்ப்யூட்டர் நம்மவர் பலர் வீட்டில் தூங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்திவிட்டது. 11-ஐப் பழைய மெஷின்கள் பல ஏற்பதில்லை. அதற்காக எடைக்குப் போடுவதா? லினக்ஸ் இருக்கிறது. காசு கிடையாது.

'லினக்ஸ் மின்ட்'டை 8 ஜி.பி. பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். ஹார்டு டிஸ்க் அப்படியே இருக்கும். வைஃபை கிடைக்கிறதா என்று அப்போதே பாருங்கள். அவசரக்காரர்கள் இதை விட்டுவிட்டு, விண்டோஸையும் அழித்து, இன்டர்நெட்டும் இல்லாமல் தலையில் கை வைப்பார்கள். 'டிஸ்க்கை அழி' என்பதை அழுத்தினால் பிள்ளைகளின் மார்க் ஷீட், கல்யாணப் போட்டோ எல்லாம் போச்சு! முதலில் வேறிடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

வைஃபை வரவில்லையா? சில சிப்புகளுக்கு, குறிப்பாகப் பழைய பிராட்காம் சிப்புக்கு, டிரைவர் தனியாக ஏற்றவேண்டும். அதை இறக்கவோ இன்டர்நெட் வேண்டும், வேடிக்கைதான்! ஆண்ட்ராய்டு செல்போனைக் கேபிளில் இணைத்து 'யு.எஸ்.பி. டெதரிங்' போடுங்கள். லைன் வந்துவிடும். பிறகு 'டிரைவர் மேனேஜர்' தேடித் தரும்.

வைஃபை இணைந்தும் பக்கம் திறக்கவில்லையென்றால், டெர்மினலில் 'பிங்' கட்டளையை 8.8.8.8 என்ற எண்ணோடு கொடுங்கள். பதில் வந்தால் லைன் சரி. கோளாறு பெரும்பாலும் டி.என்.எஸ்.ஸில். நெட்வொர்க் செட்டிங்ஸில் டி.என்.எஸ். கட்டத்தில் அதே எண்ணை எழுதி, வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.