பொன்னும் பொறுப்பும்

மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்று சிறு வயது முதற்கொண்டே கேட்டு வருகிறோம். மின்னும் பொன்னுக்குப் பின்னே மின்னாதன எத்தனை என்று எண்ணிப் பார்த்தோமா?

தோழர்களே! படிப்பு முடிந்து, பணியேற்று, முதற் சம்பளத்தை அன்னையின் கையில் கொடுக்கும் நாளில், "ஒரு சவரன் வாங்கி வை, அப்பா" என்பதே நம்மிற் பலர் கேட்கப்போகும் முதல் அறிவுரை. அச் சவரனின் வரலாற்றை இன்றே அறிந்துகொள்வது நன்றன்றோ?

அதற்கு வெகு தொலைவு செல்ல வேண்டியதில்லை. கருநாடகத்துக் கோலார் தங்கவயலே போதும். மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுருக்கம், பாலகாட் என்பன அங்கே பெயர் பெற்ற சுரங்கங்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தது முதல், 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது வரை, ஏறத்தாழ 800 டன் பொன் அங்கு எடுக்கப்பட்டது. எடுத்தவர் யார்? வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற ஏழை எளியவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். சாம்பியன் ரீஃபில் ஆழம் 3 கிலோமீட்டரைக் கடந்தது. திடீரெனப் பாறை வெடித்துச் சிதறி மாண்டவர் பலர். பாறைத் தூசி நுரையீரலிற் படிந்து, சிலிகோசிஸ் நோயால் இளைத்து இறந்தவரும் பலர்.

தொடக்க நாட்களில் ஒரு டன் பாறைக்கு 45 கிராமுக்கு மேல் பொன் கிடைத்தது. இறுதியில் அது 3 கிராம் அளவுக்குக் குறைந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சவரன் என்பது 8 கிராம். 22 காரட் நகையானால் அதில் தூய பொன் 7.3 கிராம். அதற்காக உடைத்துப் பொடியாக்க வேண்டிய பாறை ஏறத்தாழ இரண்டரை டன்! அப்பொடியைச் சயனைடு கரைசலில் இட்டுப் பொன்னைப் பிரித்தார்கள். பொன் ஊரை விட்டுப் போயிற்று. பொடி மட்டும் ஊரிலேயே தங்கிற்று. அவ்வாறு குவிந்த சயனைடு மேடுகள் 13. அவற்றின் எடை 3 கோடி டன்னுக்கு மேல். காற்று வீசினால் அந்தத் தூசிதான் வீடுகளுக்குள் வருகிறது. சுரங்கம் மூடியபின் வேலையிழந்த குடும்பத்துப் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைக்கப் போகிறார்கள். நகைக்கடைச் சீட்டில் செய்கூலி உண்டு, சேதாரம் உண்டு. இந்தச் சேதாரம் மட்டும் எழுதப்படுவதில்லை.

பழைய கதைதானே என்பீர்களோ? 120 ஆண்டுகளில் தங்கவயல் தந்ததை விட அதிகமான பொன்னை, 1,000 டன்னுக்கும் மேல், 2021 என்ற ஓராண்டிலேயே இந்தியா இறக்குமதி செய்தது. அப்படியானால், எங்கோ ஒரு நாட்டில் எவரோ ஒருவர் நமக்காகப் பாறை உடைக்கிறார் என்றே பொருள். சிறு சுரங்கங்கள் பலவற்றில் பொன்னைப் பிரிக்கப் பாதரசம் பயன்படுகிறது. அது ஆற்றையும் மீனையும் நஞ்சாக்குகிறது.

ஆகவே பொன்னே வேண்டாம் என்கிறேனா? இல்லை. நோயும் பஞ்சமும் வந்தபோது அடகு வைக்க ஒரு குன்றிமணிப் பொன்னே ஏழைக்குத் துணை. அவளுக்கு அறிவுரை கூற நாம் யார்? அறிவுரை நமக்குத்தான். தேவைக்கு வாங்குவோம், பெருமைக்கு வாங்கோம். திருமணத்தில் இத்தனை சவரன் என்று பேரம் பேசும் வீட்டில், படித்த பிள்ளை வாய் திறந்து மறுக்கட்டும். பெட்டியில் உறங்கும் பழைய நகையை உருக்கிப் புதிது செய்வோம்; அதற்குப் புதுப் பாறை உடைய வேண்டியதில்லை.

கடையில் ஒரு கேள்வியும் கேட்போம். ஹால்மார்க் முத்திரை பொன்னின் தூய்மையைச் சொல்லும். அது வந்த வழியின் தூய்மையைச் சொல்லாது. "இது எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். கடைக்காரர் சிரிக்கலாம். நூறு பேர் கேட்டால் சிரிப்பு நின்று சிந்தனை பிறக்கும். தொழிலாளிக்கு உரிய விலையை உறுதி செய்யும் நியாய வணிக முத்திரை பெற்ற பொன் 2011இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்ததே, அத்தகைய கேள்விகளின் பயன்தான்.

நாம் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் யாருக்கோ இடும் ஒரு கட்டளை. அக் கட்டளை ஒருவன் மூச்சைப் பறிப்பதாக இருத்தல் ஆகாது. பாலகாட்டின் மேடுகள் நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.