காலில் நுழைந்து நெஞ்சில் இறங்கும் நோய்: அந்தமான் எலிக்காய்ச்சலின் கதை

டெலானிபூரில் அரிசி, பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறேன். தீவுக்கு வந்து முப்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. பூர்வீகம் வந்தவாசிப் பக்கம். மலர்க்குழு அன்பர்கள் வழக்கமாக என்னிடம் சமணக் கல்வெட்டு பற்றித்தான் கட்டுரை கேட்பார்கள். இந்தத் தடவை எலிக்காய்ச்சல் பற்றி எழுதுகிறேன் என்று நானே சொன்னேன். "நயினாருக்கு எதுக்கு டாக்டர் வேலை?" என்று ஒருவர் சிரித்தார். காரணம் இருக்கிறது.

2011 ஐப்பசி மாதம். குடோனுக்குப் பின்னால் சாக்கடை அடைத்து மழைத்தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. மூட்டை தூக்கும் பையன், ராமநாதபுரத்துக்காரன், வெறுங்காலோடு இறங்கி அரை நாள் நின்று அடைப்பை எடுத்தான். பத்து நாள் கழித்து அவனுக்குக் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்காலில் கை வைக்க முடியாத வலி, கண் சிவப்பு. "மழைக்காய்ச்சல்தான் தம்பி, படுத்துக்கோ" என்று மாத்திரை கொடுத்தவன் நான்தான். நாலாம் நாள் இருமலில் ரத்தம் வந்தது. டி.பி.யோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஓர் இளம் டாக்டர் முதலில் கேட்டது, "இவர் அழுக்குத் தண்ணீரில் நின்றாரா?" என்பதுதான். ஆக்ஸிஜன் வைத்து, ஊசி போட்டு, ஒரு வாரம் போராடிப் பிழைத்தான். அந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை என்ற உறுத்தலில்தான் படிக்க ஆரம்பித்தேன்.

நோய்க்குக் காரணம் லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியா. திருகாணி போன்ற சுருள் வடிவம்; நுனி கொக்கி போல் வளைந்திருக்கும். பருமன் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குதான். எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும், எலிக்கு ஒன்றும் செய்யாது. ஆடு, மாடு, பன்றி, நாயிடமும் உண்டு. அவற்றின் சிறுநீர் தேங்கிய தண்ணீரில் கலந்தால், ஈரமான சேற்றில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். காலில் உள்ள சிறு கீறல், ஊறி வெளுத்த தோல், கண், வாய் எதுவும் அதற்கு வாசல்தான்.

தண்ணீரிலிருந்து நுரையீரலுக்கு வரும் கிருமி என்றால் லெஜியோனெல்லாவைத்தான் பலரும் சொல்வார்கள். 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பரவிய நோய்க்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது. அது நீர்த்திவலையோடு மூச்சில் போகிறது. நம் தீவின் கிருமியோ காலில் நுழைந்து, ரத்தத்தோடு சுற்றி, நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கசிய வைக்கிறது. காற்று நிற்க வேண்டிய அறைகளில் ரத்தம் நிற்கும். அந்த நிலை வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல்கூட இறப்பதுண்டு. ரத்தம் கக்கத் தொடங்கியபின் அவகாசம் மணிக்கணக்கில்தான்.

1988 முதல் வடக்கு அந்தமானில் டிக்லிப்பூர் பகுதியில் மழைக்காலம் முடியும் சமயத்தில் ஒரு புதுக் காய்ச்சல் வரலாயிற்று. ரத்தம் கக்கி, மூச்சுத் திணறி உழவர்கள் இறந்தார்கள். பெயர் தெரியாத நோய்க்கு 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று பெயர் வைத்தார்கள். 1993-இல் இங்குள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார ஆய்வு மையம், டாக்டர் எஸ்.சி. சேகல் தலைமையில், நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, இது லெப்டோஸ்பைரா என்று கண்டது.

வேடிக்கை என்னவென்றால் இது புது நோயே அல்ல. இத்தீவுகள் கைதிக் குடியேற்றமாக இருந்தபோது, 1929-இல், டெய்லர், கோயல் என்ற இரு ஆய்வாளர்கள் இங்கேயே இக்கிருமியைப் பிரித்தெடுத்து, 1931-இல் நூலாகவே வெளியிட்டார்கள். ஒரு வகைக்கு 'அந்தமானா' என்று நம் தீவின் பெயரே உண்டு. அறுபது வருஷத்தில் அதை எல்லோரும் மறந்துபோனார்கள். எலிக்காய்ச்சல் என்றால் மஞ்சள் காமாலை வரும் என்ற பாடமும் கண்ணை மறைத்தது. நுரையீரலைத் தாக்கும் வகை காமாலை இல்லாமலும் வரும்.

தாய்த்தமிழகத்தில் இதே கிருமி வேறு வேஷம் போட்டது. 1993 கடைசியில் வைகையில் வெள்ளம் வந்தபின், 1994-இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண் அழற்சியோடு பலர் வந்தார்கள். அங்கும் குற்றவாளி இதுவே.

வடக்கு அந்தமானில் 782 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. 2000-இல் முடிவு வெளியானது. ஒரு சாராருக்கு வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் மாத்திரை, மறு சாராருக்கு வெற்று மாத்திரை. கிருமி தொற்றுவதை மருந்து தடுக்கவில்லை. ஆனால் நோயாகப் படுத்தவர்கள் பாதிக்கும் குறைவு. இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் வாங்கி விழுங்கவேண்டாம், டாக்டர் சொல்லட்டும்.

இன்னொரு விஷயம், காய்ச்சல் வந்த முதல் ஐந்தாறு நாளில் ரத்தப் பரிசோதனை 'இல்லை' என்று சொல்லக்கூடும். எதிர்ப்பொருள் உருவாக அவ்வளவு நாளாகும். அதனால் டாக்டர்கள் சந்தேகத்தின் பேரிலேயே மருந்தைத் தொடங்குகிறார்கள். அந்தச் சந்தேகம் அவர்களுக்கு வர, சாக்கடையில் இறங்கியதையும் வயலில் நின்றதையும் நாம்தான் சொல்லவேண்டும்.

எங்கள் வீட்டுச் சங்கதி ஒன்று. சமணர் வீட்டில் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம், சிற்றுயிர் சாகக்கூடாது என்று. லெப்டோஸ்பைராவோ ஆய்வுக்கூடத்தில் மற்ற பாக்டீரியாக்களை நிறுத்தும் வடிகட்டியையே தாண்டிப் போகும். துணி எம்மாத்திரம்? கொதிக்கவைத்தால் சாகும். எலி விஷயத்தில் எனக்குப் பெரிய தர்மசங்கடம். விஷம் வைக்க மனம் ஒப்பவில்லை. ஆள் சாவதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கடைசியில் குடோன் பொந்துகளைக் கண்ணாடித்தூள் கலந்த சிமெண்டால் அடைத்தேன், கதவின் அடியில் தகரம் அடித்தேன், மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றினேன், சிந்திய தானியத்தைச் சாயங்காலமே கூட்டச் சொன்னேன். தின்ன ஒன்றுமில்லாத இடத்தில் எலி அதிகம் தங்குவதில்லை. சாக்கடைக்கு பிளீச்சிங் பவுடர்.

அந்தப் பையன் இப்போது ஊரில் சொந்தமாக மளிகைக் கடை வைத்திருக்கிறான். குடோன் வாசலில் மூன்று ஜோடி ரப்பர் பூட்ஸ் மாட்டியிருக்கிறேன். மழைநாளில் யார் வெறுங்காலோடு பின்பக்கம் போனாலும் அன்று வேலை நிறுத்தம்தான், முதலாளி நான் போனாலும்.