வெயிலும் முதுகெலும்பும்

சிங்கப்பூரின் பூன் லே எம்ஆர்டியில் இறங்கி, ஜூரோங் பாய்ண்ட் கடைத்தொகுதி வழியாகவே பேருந்தைப் பிடித்துவிடலாம். மேலில் வெயில் படாது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே வாழ்கிறோம். ஆனாலும் தோலில் வைட்டமின் டி ஊறச்செய்யும் புறஊதாக் கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது.

அந்த வைட்டமினுக்கும் காசநோய்க்கும் ஆழமான தொடர்பு உண்டு. காசக் கிருமி நுரையீரலோடு நிற்பதில்லை. ரத்தத்தோடு போய் முதுகெலும்பிலும் குடியேறும். முள்ளெலும்பின் முன்பக்கத்தை அது மெல்ல அரிக்க, எலும்பு நொறுங்கி முதுகு கூனிப்போகும். சீழ் கட்டினாலும் சூடோ சிவப்போ பெரும்பாலும் தெரியாது. வலியைச் சுளுக்கென்று நினைத்துத் தைலம் தேய்த்தே மாதங்கள் ஓடிவிடும்.

கிருமியை முதலில் விழுங்குவது மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளணு. வைட்டமின் டி கல்லீரலில் ஒருமுறை, சிறுநீரகத்தில் ஒருமுறை மாறினால்தான் முழுவீச்சில் வேலை செய்யும். ஆனால், காசக் கிருமியை அடையாளம் கண்டதும் இந்த அணு சிறுநீரகத்துக்குக் காத்திருப்பதில்லை. கடைசி மாற்றத்தைத் தனக்குள்ளேயே முடித்து, கதெலிசிடின் என்னும் கிருமிக்கொல்லிப் புரதத்தை உண்டாக்குகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள் 2006-இல் இதைக் காட்டினார்கள். ரத்தத்தில் வைட்டமின் டி குறைந்தால் இந்த ஆயுதமும் குறைகிறது. ஒரு துளிக்குள் அடங்கும் அணுவுக்கு இத்தனை சாமர்த்தியம்!

அப்படியென்றால் மாத்திரை போட்டால் போதுமா? போதாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் நுரையீரல் காசநோயாளிகள் 247 பேரிடம் நடத்திய சோதனை 2015-இல் வெளியானது. வழக்கமான மருந்தோடு அதிக அளவு வைட்டமின் டி கொடுத்தும் சளியிலிருந்து கிருமி விரைவாக நீங்கவில்லை. மங்கோலியாவில் 8,851 பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டு கொடுத்தும் தொற்று குறையவில்லை. இன்னொன்றும் உண்டு: காசம் பற்றிய இடத்தில் மேக்ரோஃபேஜ் அணுக்களே அந்த வைட்டமினை அளவுக்கு மீறி மாற்றி, ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தை ஏற்றிவிடக்கூடும். குறைபாடு இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் சாப்பிடலாம்; நாமாகவே கூட்டிக்கொள்ளக் கூடாது.

முதுகெலும்புக் காசத்தைக் குணமாக்கும் வழியைச் சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையம் எப்போதோ காட்டிவிட்டது. நடக்க முடிந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர், அறுவை சிகிச்சையும் படுக்கையும் இல்லாமல், மாதக்கணக்கில் தவறாமல் மருந்து சாப்பிட்டே தேறினார்கள்.

வாரக்கணக்கில் விடாத முதுகுவலியும் மாலைக் காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்து வந்தால், தைலத்தை வைத்துவிட்டுப் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். காசநோய் என்று உறுதியானால் கடைசி மாத்திரைவரை நிறுத்தாதீர்கள்.