ஊர்ச் சங்கமும் ஊர்ப் பதிவேடும்

2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கிலும் கிழக்கிலும் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. காணிக்கு உரித்துடையோரைக் கண்டறிய முடியவில்லை என்று அவற்றில் எழுதப்பட்டிருந்தது. அந்த உரித்தாளிகள் எங்கே இருந்தார்கள்? 1990இல் பலாலி, மயிலிட்டி, கட்டுவன், குரும்பசிட்டி முதலிய ஊர்களை விட்டு வெளியேறியவர்களில் பலர் சில மைல் தூரத்தில், கோணப்புலம், சபாபதிப்பிள்ளை போன்ற நலன்புரி நிலையங்களிலேயே இருந்தார்கள். அரச அலுவலகங்களில் அவர்களது பதிவும் இருந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்த அறிவித்தலுக்கு எதிராக நீதிமன்றம் சென்றனர். தனித்தனிக் குடும்பமாக நின்றிருந்தால் இது நடந்திராது என்பதே எமது எண்ணம்.

ஊராக ஒன்றுசேர்வதற்குச் சட்டத்தில் என்ன வழி உண்டு என்பதை இங்கு பார்ப்போம்.

எமது பெரியவர்கள் ஊர்ச் சபை என்றதும் பழைய கிராம சபையை நினைக்கிறார்கள். அச்சபைகள் 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தபோது இல்லாமற் போயின. பின்னர் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் உருவாயின. பொதுச் சுகாதாரம், பொது வசதிகள், ஒழுங்கைகள் அவற்றின் பொறுப்பு. வரி அறவிடும் உரிமையும் அவற்றுக்கே உண்டு. ஆனால் ஒரு பிரதேச சபைக்குள் பல ஊர்கள் அடங்கும். ஒரு தனி ஊர் இன்று தானே சபையாக மாற வழியில்லை. ஊரின் பெயரில் பேசக்கூடியது பதிவு செய்யப்பட்ட சங்கம்தான்.

கிராம அபிவிருத்திச் சங்கம் பிரதேச செயலகத்தின் ஊடாகப் பதிவாகிறது. கமக்காரர் அமைப்பு கமநல அபிவிருத்தித் திணைக்களத்தில் பதிவாகிறது. கூட்டுறவுச் சங்கமோ பதிவானதும் சட்டத்தின் முன் ஓர் ஆளாகவே கருதப்படும். தன் பெயரில் காணி வாங்கலாம், வழக்கு வைக்கலாம், தலைவர் மாறினாலும் சங்கம் மாறாது. எது பொருந்தும் என்பது செய்ய நினைக்கும் வேலையைப் பொறுத்தது. கிராம அபிவிருத்திச் சங்கம் பொதுவாக ஒரு கிராம அலுவலர் பிரிவை அடியாகக் கொண்டது. எனவே ஐந்து இடங்களில் சிதறியிருக்கும் ஓர் ஊரவர் இருக்கும் இடத்துச் சங்கத்திலும் சேர வேண்டும், சொந்த ஊருக்கென ஒரு குழுவையும் வைத்திருக்க வேண்டும். இரண்டு கூட்டங்களுக்கும் போவது அலுப்புத்தான்.

சங்கம் அமைந்ததும் முதல் வேலை கட்டடம் கட்டுவதல்ல, ஊரின் படத்தை வரைவது. விடுவிக்கப்பட்ட பல காணிகளில் வீடு இருக்கவில்லை, வேலி இருக்கவில்லை, எல்லைக் கதிகாலும் இருக்கவில்லை. எந்தப் பற்றைக்குள் எவருடைய கிணறு என்று காட்டக்கூடியவர்கள் எழுபது வயதைத் தாண்டியவர்கள். அவர்களை இருத்தி, ஒழுங்கைகள், கோவில், தேவாலயம், சேமக்காலை, சுடலை, குளம் என ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும்.

கிணறுகளைத் தனியாக எழுதுங்கள். ஆறில்லாத எமது செம்மண்ணில் தோட்டக் காணியின் பெறுமதி கிணற்றில்தான் இருக்கிறது. பழைய உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் எழுதப்பட்டிருக்கும். நான்கு பரப்புக் காணி திரும்பக் கிடைத்தும், பங்குக் கிணறு பக்கத்துக் கம்பி வேலிக்குள் அகப்பட்டிருந்தால் வெங்காயம் வைக்க முடியாது. இதைப் படத்தில் காட்டினால்தான் அதிகாரிக்கு விளங்கும்.

படத்தோடு பதிவேடும் வேண்டும். குடும்பத் தலைவர் பெயரை மட்டும் எழுதிவிடுவது பெரும் குறை. தேசவழமைப்படி சீதனமாகக் கொடுத்த காணிகள் பெண்களின் பெயரிலேயே இருக்கின்றன. பிரிக்கப்படாத பங்குகளும் உண்டு. பங்காளி ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்கலாம். அவர் பெயரையும், அற்றோணித் தத்துவம் யாரிடம் உள்ளது என்பதையும் எழுதுங்கள். உறுதி தொலைந்தவர்கள் மனம் தளர வேண்டாம். நொத்தாரிசு உறுதி முடித்தபின் ஒரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவது சட்டம். அங்கே தோம்பு பார்த்து அத்தாட்சிப் பிரதி எடுக்கலாம். உறுதி இலக்கமோ நொத்தாரிசின் பெயரோ தெரிந்தால் தேடுவது சுலபம்.

பழைய அறிவித்தல் ஒன்றை வைத்து ஏன் பயப்படுத்துகிறீர்கள் என்று சிலர் கேட்கக்கூடும். 2025 மார்ச் 28இல் வட மாகாணத்தில் 5,900க்கும் மேற்பட்ட ஏக்கர் காணி தொடர்பாக வர்த்தமானி ஒன்று வெளிவந்தது. உரிமை கோர மூன்று மாத அவகாசமே கொடுக்கப்பட்டது. எதிர்ப்பும் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையும் வந்தபின் அது கைவிடப்பட்டது. மூன்று மாதத்துக்குள் தோம்பு எடுத்து, வெளிநாட்டுப் பங்காளியிடம் கையெழுத்து வாங்கி முடிப்பது எவ்வளவு கடினம் என்பது முயன்றவர்களுக்குத் தெரியும். பதிவேடு முன்னரே ஆயத்தமாக உள்ள ஊருக்கு அந்தக் காலம் போதும்.

மீளக்குடியேறிய ஊர்கள் இந்தப் படத்தைப் பிரதேச சபைக்கும் கொண்டுபோக வேண்டும். 2023 முதல் உறுப்பினர் இன்றி இருந்த சபைகளுக்கு 2025 மே 6இல் தேர்தல் நடந்துள்ளது. சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்க்க 1987ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. அதைக் கேட்டுப் பெறுங்கள். ஒழுங்கைகள் சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கின்றனவா என்று பார்த்து, விடுபட்டவற்றை எழுத்தில் கொடுத்து, கடிதம் கிடைத்ததற்கான கையெழுத்தை வாங்கி வையுங்கள். படத்திலும் பதிவேட்டிலும் மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றைச் செயலாளரிடமும், ஒன்றைப் பாடசாலை அல்லது ஆலய அலுமாரியிலும், மற்றதை ஊருக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடமும் வைப்பது நல்லது.