ஈரக் காலையில் கார் இயங்க மறுப்பது ஏன்?



மார்கழி மாதத்து மழைக்காலை ஒன்று. நான்கு மாணவர்களைப் பரீட்சை மண்டபத்துக்கு ஏற்றிச் செல்லவேண்டிய பழைய பெற்றோல் கார் முற்றத்தில் நின்றது. சாரதி திறப்பைத் திருப்பினார். எஞ்சின் நன்றாகச் சுழன்றது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. அவர் விடாமல் திருப்பிக்கொண்டே இருந்தார். சில நிமிடங்களில் சுழலும் சத்தமும் மெலிந்து நின்றுவிட்டது. பற்றரி இறங்கிவிட்டது. மாணவர்கள் ஓட்டோ பிடித்து, கடைசி நிமிடத்தில் மண்டபத்தினுள் ஓடினார்கள்.

அன்று மத்தியானம் வெயில் எறித்தது. பற்றரிக்கு மின்னேற்றிப் பூட்டியதும் கார் முதல் திருப்பிலேயே இயங்கியது. ஒரு பாகமாவது மாற்றப்படவில்லை. அப்படியானால் காலையில் இருந்த பழுது எங்கே போனது? இதற்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும். நீங்கள் விஞ்ஞானத்தில் கற்ற மின்காந்தத் தூண்டல், ஒடுங்கல், கடத்தி, காவலி ஆகிய நான்கும் இந்த ஒரு சம்பவத்தில் ஒன்றுசேர்வதைக் கவனியுங்கள்.

1. தீப்பொறி செல்லும் பாதை

பெற்றோல் எஞ்சின் இயங்குவதற்கு மூன்று விடயங்கள் தேவை. அவையாவன: பெற்றோல் ஆவியும் வளியும் சரியான அளவிற் கலந்த கலவை, அக்கலவை உருளையினுள் நெருக்கப்படுதல், உரிய கணத்தில் ஒரு தீப்பொறி. ஈரக்காலையில் பெரும்பாலும் தவறிப்போவது மூன்றாவதாகும்.

காரின் பற்றரி தருவது 12 வோல்ற்று மட்டுமே. இது தீப்பொறிச் செருகியின் முனைகளுக்கிடையே உள்ள இடைவெளியைத் தாண்டப் போதாது. அந்த இடைவெளி ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் அல்லது அதிலும் சற்றுக் குறைவு. ஆகவே எரிபற்றற் சுருள் பயன்படுத்தப்படுகிறது. கராஜில் இதனைக் ‘கொயில்’ என்பார்கள். அதனுள் குறைந்த சுற்றுகள் கொண்ட முதற்சுருளும் பல ஆயிரம் சுற்றுகள் கொண்ட துணைச்சுருளும் உண்டு. முதற்சுருளில் ஓடும் மின்னோட்டம் திடீரெனத் துண்டிக்கப்படும்போது காந்தப்புலம் சட்டென்று அழிகிறது. அதனால் துணைச்சுருளில் 15,000 முதல் 25,000 வோல்ற்று வரையான உயர் அழுத்தம் தூண்டப்படும்.

இந்த உயர் அழுத்தம் தடித்த வயர் வழியே டிஸ்ரிபியூட்டருக்குச் செல்லும். டிஸ்ரிபியூட்டர் என்பது ஒவ்வோர் உருளைக்கும் முறைப்படி மின்னைப் பங்கிட்டு அனுப்பும் பகுதி. அதன் மூடி ஒரு காவலியால் ஆனது. அங்கிருந்து செல்லும் வயர்கள் தீப்பொறிச் செருகிகளில் முடிகின்றன.

2. ஈரம் செய்யும் வேலை

இரவில் கார் கதிர்வீசல் மூலம் வெப்பத்தை இழந்து குளிர்கிறது. அதன் மேற்பரப்பின் வெப்பநிலை பனிபடுநிலைக்குக் கீழே இறங்கினால், வளியிலுள்ள நீராவி அதன்மேல் ஒடுங்கி நுண்துளிகளாகப் படியும். பொனற்றின் மேலே நாம் காணும் அதே பனித்துளி, டிஸ்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்திலும் வயர்களின் மேலும் படியலாம்.

இங்கே மாணவர்கள் பலர் விடும் தவறொன்று உண்டு. “நீர் மின்னை நன்றாகக் கடத்தும்” என்று எழுதிவிடுகிறார்கள். தூய நீர் மின்னை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் காரின் பாகங்களில் தூசியும் எண்ணெய் அழுக்கும் காபன் துகள்களும் இருக்கும். கரையோர ஊர்களில் உப்பும் சேரும். உப்பு முதலியன நீரிற் கரைந்து அயன்களைத் தரும்போதுதான் அந்த மெல்லிய நீர்ப்படலம் மின் ஒழுகும் வழியாக மாறுகிறது.

தோட்டத்துக்கு நீர் இறைப்பதை நினைத்துப் பாருங்கள். நீர்ப்பம்பி நன்றாக வேலை செய்கிறது. ஆனால் வாய்க்காலின் வரம்பு நடுவில் உடைந்திருக்கிறது. கடைசிப் பாத்திக்கு நீர் போய்ச் சேருமா? சேராது. அதுபோலவே எரிபற்றற் சுருள் மின்னைத் தந்தாலும், அது ஈரப்படலத்தின் வழியே எஞ்சினின் உலோக உடலுக்கு ஒழுகிவிடுகிறது. செருகியின் முனைகளில் அழுத்தம் போதிய அளவுக்கு உயர்வதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. உருளையினுள் நெருக்கப்பட்ட கலவையின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைவிடப் பல மடங்கு அதிகம். அமுக்கம் கூடிய வாயுவினூடாகத் தீப்பொறி பாய்வது கடினம். அதற்குக் கூடிய வோல்ற்று தேவை. ஆகவே செருகியினூடாகச் செல்வதிலும் பார்க்க, வெளியே உள்ள ஈர வழியாக ஒழுகுவது மின்னுக்கு இலகுவாகிவிடுகிறது.

இப்போது சாரதியின் செயலைச் சிந்தியுங்கள். ஸ்ராட்டர் மோட்டர் மிகப் பெரிய மின்னோட்டத்தை எடுக்கும். முழு மின்னேற்றமுள்ள பற்றரியின் அழுத்தம் ஏறத்தாழ 12.6 வோல்ற்று, மோட்டர் சுழலும்போது அது 10 வோல்ற்றளவுக்கு இறங்கலாம். பற்றரி களைக்கக் களைக்க முதற்சுருளின் மின்னோட்டமும் குறையும். தீப்பொறி மேலும் நலியும். அதேவேளை எரியாத பெற்றோல் செருகிகளை நனைத்துவிடும். இவ்வாறு ஒரு பழுது மூன்று பழுதாகிறது.

3. ஓர் உண்மை உதாரணம்

எமது வீதிகளில் இன்றும் காணப்படும் மொறிஸ் மைனர் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பவர். அது 1948இல் வெளிவந்தது. அவரே வடிவமைத்த மினி கார் 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. இடத்தை மீதப்படுத்துவதற்காக மினியின் எஞ்சின் குறுக்காகப் பொருத்தப்பட்டது. அதனால் டிஸ்ரிபியூட்டர், காரின் முன்பக்கக் கம்பி வலைக்கு நேர் பின்னால் அமைந்துவிட்டது. மழைநீரும் முன்னே செல்லும் வாகனங்கள் தெறிக்கும் நீரும் வலையினூடாக வந்து அதன்மேல் விழுந்தன. மழையில் கார்கள் நின்றுபோயின. உரிமையாளர்கள் சிலர் இறப்பர்க் கையுறை ஒன்றை எடுத்து, விரல் நுனிகளை வெட்டி, அவற்றினூடாக வயர்களைச் செலுத்தி டிஸ்ரிபியூட்டரை மூடிக்கொண்டனர். எஞ்சினைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. நீரைத் தடுத்ததே போதுமாயிற்று.

4. பழுதைக் கண்டறியும் படிமுறை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதிக்கவேண்டும். ஒரே நேரத்தில் நான்கை மாற்றினால் எது காரணம் என்று சொல்ல முடியாது.

(அ) முதலில் காதால் கேளுங்கள். எஞ்சின் சுழலாமல் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் கேட்டால், அல்லது விளக்குகள் மிக மங்கினால், முதலில் பற்றரியையும் அதன் முனைகளையும் பாருங்கள். முனைகளில் வெண்மையான அல்லது பச்சை நிறமான பூப்பு இருந்தால் தொடுகை நன்றாக இராது.

(ஆ) எஞ்சின் வேகமாகச் சுழன்றும் பற்றவில்லையா? அப்படியானால் உடனே நிறுத்துங்கள். திறப்பை வெளியே எடுத்தபின் வயர்களையும் டிஸ்ரிபியூட்டர் மூடியையும் உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும். மூடியைக் கழற்றி உட்புறத்தையும் துடைக்கவேண்டும். துடைத்ததும் கார் இயங்கினால் ஈரமே காரணம் என்பது உறுதியாகிறது.

(இ) துடைத்தும் பயனில்லையெனில் செருகியைக் கழற்றிப் பார்க்கவேண்டும். அது பெற்றோலால் நனைந்திருந்தால் துடைத்துக் காயவைத்து, சிறிது நேரம் பொறுத்து மீண்டும் முயலலாம்.

(ஈ) ஒவ்வொரு மழைக்கும் இதே தொல்லை வந்தால் காவலிகள் பழுதடைந்துள்ளன. வயர்களில் வெடிப்பு உண்டா எனப் பாருங்கள். மூடியின் உட்புறத்தில் பென்சிலாற் கீறியது போன்ற மெல்லிய கருங்கோடு தென்படலாம். அது மின் ஒழுகிக் கருக்கிய காபன் தடம். காபன் கடத்தியாதலால் துடைத்தாலும் அவ்வழியே மின் மீண்டும் ஒழுகும். அவ்வேளையில் மூடியை மாற்றுவதே சரி.

கவனிக்க: இச்சோதனைகளை அனுபவமுள்ள பெரியவர் ஒருவருடன் மட்டுமே செய்க. எஞ்சின் சுழலும்போது வயர்களைத் தொடலாகாது. பெற்றோல் மணம் வீசும் இடத்தில் தீக்குச்சி கூடாது. மூடிய கராஜினுள் எஞ்சினை இயங்கவிடக் கூடாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற நச்சு வாயுவாகும்.

5. எல்லா வாகனங்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. டீசல் எஞ்சினில் தீப்பொறிச் செருகி இல்லை. நெருக்கப்பட்ட வளியின் உயர் வெப்பநிலையாலேயே எரிபொருள் எரிகிறது. எனவே ஈரத்தால் தீப்பொறி தவறுதல் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. புதிய பெற்றோல் கார்களிற் பெரும்பாலானவற்றில் டிஸ்ரிபியூட்டர் கிடையாது. ஒவ்வொரு செருகியின் மேலும் தனித்தனிச் சுருள் பொருத்தப்பட்டுள்ளது. நீண்ட வயர் இல்லாததால் மின் ஒழுகும் இடமும் குறைவு. ஆயினும் இறப்பர் உறைகள் வெடித்தால் அங்கும் ஈரம் புகும்.

6. பரீட்சைக்கு

மாதிரி வினா: “ஈரமான காலையில் இயங்க மறுத்த பெற்றோல் கார், வெயில் வந்தபின் திருத்தமின்றி இயங்கியது. காரணம் தருக.”

சிலர் “ஈரம் காரணமாக” என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். அது காரணமன்று, வினாவிலேயே தரப்பட்ட தகவல். விடை பின்வருமாறு சங்கிலியாக அமைய வேண்டும்:

நீராவி குளிர்ந்த காவலிகளின்மேல் ஒடுங்கியது → அழுக்குடன் சேர்ந்து மின் ஒழுகும் வழியானது → உயர் அழுத்த மின் எஞ்சினின் உடலுக்கு ஒழுகியது → செருகியில் தீப்பொறி உண்டாகவில்லை → வெயிலில் நீர் ஆவியாகியதும் காவலிகள் பழைய நிலையை அடைந்தன.

ஒவ்வோர் அம்புக்குறியின் இடத்திலும் “ஏன்?” என்று உங்களையே கேளுங்கள். விடை சொல்ல முடிந்தால் பாடம் விளங்கிவிட்டது எனக் கொள்ளலாம்.

அன்று அந்தச் சாரதி புதிய பற்றரி வாங்கக் கடன் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு உண்மையில் தேவைப்பட்டது ஓர் உலர்ந்த துணியும், இந்தச் சங்கிலியின் முதற் கண்ணியும்தான். இரண்டும் இருந்திருந்தால் நான்கு மாணவர்களும் பதற்றமின்றிப் பரீட்சை எழுதியிருப்பார்கள்.